நீலம் மலிவாகாமல் இருந்திருந்தால்?

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரைப் பயிற்சி கொடுத்தேன்: "வரலாறு மாறியிருந்தால் என்ன உடுத்தியிருப்போம்?" விதவிதமான ஆடைகளை எழுதினார்கள், காரணம் எழுதவில்லை. ஆகவே ஓர் உதாரணம் சொன்னேன்.

1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலச் சாயத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குமுன் இந்தச் சாயம் பெரும்பாலும் அவுரிச் செடியிலிருந்து வந்தது. செயற்கைச் சாயம் வராதிருந்தால், நீல ஜீன்ஸ் ஒருவேளை பட்டுப்போல் விலை உயர்ந்ததாகி, கல்யாண உடையாகியிருக்கும் என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஒரு சிறுமி மட்டும், "அவ்வளவு அவுரியை யார் பயிரிடுவாங்க, மாமா?" என்று கேட்டாள். நான் அதை யோசித்திருக்கவில்லை.

நாம் வாழும் இந்தப் பீகாரின் சம்பாரணில், நிலத்தில் இருபதில் மூன்று பங்கு அவுரி பயிரிடக் குடியானவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 1917-இல் காந்தியடிகள் வந்து விசாரித்தார். 1918-இல் சட்டம் அந்த முறையை ஒழித்தது. சாயச்செடிக்குக் கிராக்கி குறையாதிருந்தால், தோட்டத் துரைமார்கள் அவ்வளவு எளிதில் விட்டிருப்பார்களா?

அன்றுமுதல் பயிற்சியில் மூன்று கேள்விகள் வைத்தேன்: எது மாறியது? யார் உடுத்துகிறார்? யார் உழைக்கிறார்? உங்கள் பிள்ளைகளோடும் எழுதிப் பாருங்கள்.