காய்ச்சல் விட்ட நாளில்தான் கண் விழித்திருக்க வேண்டும்

டெங்கு கண்டவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் காலண்டரில் குறித்து வைப்பது. ‘மூணு நாலு நாளா இருக்கு’ என்று மருத்துவரிடம் சொல்வது போதாது. முதல் ஐந்து நாளுக்குள் என்றால் என்.எஸ்.1 பரிசோதனை கைகொடுக்கும். அதன் பிறகு ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளைத் தேட வேண்டும். ஆபத்தான கட்டமும் இந்தக் கணக்கை வைத்தே வரும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், ஆறு மணி நேர இடைவெளியில், குழந்தைக்கு எடை பார்த்து. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக்கசிவைத் தூண்டக்கூடியவை. ஆகவே ‘சீக்கிரம் இறங்கட்டும்’ என்று ஊசி கேட்கவே கூடாது. இதய நோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் அன்றே மருத்துவரைக் கேட்கட்டும். குடிக்க அரிசிக் கஞ்சி, மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கால் பாக்கெட் என்பதெல்லாம் தவறு. மாதுளை, பீட்ரூட் சாறு வேண்டாம். வாந்தி சிவப்பாக வந்தால் அது சாறா ரத்தமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இதுவரை சொன்னதைப் பெரும்பாலான வீடுகளில் ஓரளவு சரியாகவே செய்கிறார்கள். சறுக்குவது அடுத்த படியில். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் ஒருநாள் காய்ச்சல் இறங்குகிறது, உடம்பு குளிர்கிறது, வீடே நிம்மதியாகத் தூங்கப் போகிறது. டெங்குவில் உயிருக்கு ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். கிருமியின் எண்ணிக்கை குறையும் வேளையில், நம் உடலின் எதிர்ப்பு வினையால் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் கசிகிறது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும். எல்லோருக்கும் இது கடுமையாக வருவதில்லை. ஆனால் யாருக்கு வரும் என்று முதல் நாளில் கணிக்க முடியாது. அதனால் காய்ச்சல் விட்ட நேரத்தையும் காலண்டரில் எழுதி, அங்கிருந்து இரண்டு முழு நாள் காவல் இருப்பதுதான் வழி. மாத்திரையால் இறங்கிய காய்ச்சலை விட்டதாக எண்ணக் கூடாது.

காவல் என்றால் என்ன பார்ப்பது? விடாத வயிற்றுவலி, ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், மாதவிடாயில் வழக்கத்தை மீறிய போக்கு, நிலைகொள்ளாத தவிப்பு அல்லது எழுப்ப எழுப்ப அயர்வு, எழுந்து நின்றால் கண் இருட்டுவது. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் வரவில்லை என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கை கால்களைத் தொட்டுப் பாருங்கள். நெற்றி வெதுவெதுப்பாக இருக்க, பாதம் சில்லிட்டு வியர்த்திருந்தால் அது குணமான குளிர்ச்சி இல்லை. விரல் நகத்தை அழுத்தி விடும்போது இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ‘நல்லாத்தானே பேசுறான்’ என்பார்கள். அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். அதிர்ச்சி நிலை தொடங்கிய பிறகும் சிலர் தெளிவாகப் பேசுவார்கள். மேல் ரத்த அழுத்தம்கூடச் சரியாக இருக்கும். கீழ் அளவு ஏறி, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 20 அல்லது அதற்கும் கீழே சுருங்குவதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். உண்மையில் தேறுபவருக்குப் பசி எடுக்கும், சிறுநீர் தாராளமாகப் போகும்.

தட்டணு எண்ணிக்கையைப் பார்த்தால் போதாதா என்ற கேள்வி வரும். தட்டணு குறைவது டெங்குவில் இயல்பு. கசிவைக் காட்டுவது ஹீமட்டோகிரிட், அதாவது ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்று இருக்கும் வரி. நீர் வெளியேறினால் ரத்தம் கெட்டியாகி அந்த எண் ஏறும். 36 இருந்தவருக்கு அது 43-ஐத் தாண்டினால் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது என்று பொருள்; கசிவு கணிசமானது. ஒப்பிட முதல் எண் வேண்டும் என்பதால்தான் ஆரம்பத்திலேயே ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்கிறேன். தட்டணு எண்ணிக்கை 20,000 ஆனதும் அதை ஏற்றச் சொல்லி ஓடுவதற்கும் ஆதாரம் குறைவு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பெரியவர்களிடம் நடந்து 2017-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வில், ரத்தப்போக்கு இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றியது ரத்தப்போக்கைத் தடுக்கவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. ரத்தம் போகிறவர் கதை வேறு. அதை மருத்துவர் முடிவு செய்வார்.

பப்பாளி இலைச் சாறு தட்டணுவைச் சற்று வேகமாக ஏற்றுவதாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் குழாயின் கசிவை அது அடைக்கிறது என்று யாரும் நிறுவவில்லை. கசப்பில் குமட்டி வாந்தி எடுத்தால், எச்சரிக்கை அறிகுறி எது, சாற்றின் வேலை எது என்ற குழப்பமும் சேரும். ‘போன தடவையே வந்துட்டுது, இனி பயமில்லை’ என்பது இன்னும் ஆபத்தான நம்பிக்கை. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. இரண்டாவது முறை வேறு வகை தாக்கும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பதை 1960-களில் பாங்காக் குழந்தைகளிடம் கண்டு சொன்னவர் ஸ்காட் ஹால்ஸ்டெட். முன்பே வந்தவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், சர்க்கரை நோயாளி ஆகியோர் முதல் நாளே மருத்துவரின் பார்வையில் இருக்கட்டும்.

தெம்புக்காக இன்னும் இரண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றச் சொல்லாதீர்கள். கசிந்த நீர் 48 மணி நேரத்துக்குப் பிறகு தானாகவே ரத்தத்துக்குத் திரும்பும். மேலும் ஏற்றினால் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும். தேறும் நாளில் உடலெங்கும் சிவந்து, நடுவே வெள்ளைத் திட்டுகளோடு அரிக்கும் தடிப்பு வரலாம். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. காய்ச்சல் இருக்கும் நாட்களில் நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் கடிப்பது பகலில்தான். அவரைக் கடித்த கொசு அடுத்துக் கடிக்கப்போவது அதே வீட்டில் இருப்பவர்களை.