பொற்றுகளும் புற்றுநோயும்

1895-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜென் என்னும் பேராசிரியர் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அதுமுதல், உடம்பைக் கீறாமலே அதன் உள்ளுறுப்புக்களைக் காணுதல் மருத்துவர்க்கு இயல்வதாயிற்று. எலும்பு அக்கதிர்களைத் தடுத்து நிழல் வீழ்த்துகின்றது. தசையும், அதனுள் முளைத்த புற்றுக்கட்டியுமோ ஏறக்குறைய ஒரே தன்மையாய்க் கதிரை ஊடுருவ விடுகின்றன. ஆதலின் கட்டியை வேறுபடுத்திக் காட்ட ஒரு துணைப்பொருள் வேண்டப்படுகின்றது.

இதற்குப் பெரிதும் வழங்குவது அயோடின் சேர்ந்த மருந்தாகும். அயோடினின் அணு எண் 53. பொன்னின் அணு எண் 79. கனத்த அணுக்கள் கதிரை மிகுதியாகத் தடுக்கும் இயல்பின ஆதலின், அறிஞர் பொன்னை நாடினர். அயோடின் மருந்து சிறு மூலக்கூறாதலால் விரைவில் சிறுநீர்வழிக் கழியும். பொற்றுகளோ இரத்தத்தில் அதனினும் நெடிது தங்கும்.

ஈண்டுக் கூறும் துகள்கள் நானோமீட்டரால் அளக்கப்படுவன. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறு செய்தால் அவற்றுள் ஒரு கூறே நானோமீட்டராம். இத்துணை நுண்ணிய பொன் நீரில் மிதக்குங்கால் மஞ்சள் நிறம் ஒழிந்து மாணிக்கச் செம்மை பெறுதலுண்டு. இதனை மைக்கேல் பாரடே 1857-இல் ஆராய்ந்து வெளியிட்டார். 2006-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் 1.9 நானோமீட்டர் அளவுள்ள பொற்றுகளைச் சுண்டெலிகளின் இரத்தத்திற் செலுத்திப் படமெடுத்தனர். கட்டியைச் சூழ்ந்த இரத்தக்குழாய்ப் பெருக்கம் அப்படத்தில் தெளிவுறத் தோன்றிற்று.

துகள் கட்டியைச் சென்றடைவது எங்ஙனம்? விரைந்து வளரும் கட்டியின் இரத்தக்குழாய்ச் சுவர்கள் செவ்வனே அமையாமல் இடைவெளி உடையனவாதலின், துகள்கள் அவ்வழியே கசிந்து தங்குகின்றன. இக்கருத்தை ஜப்பானிய அறிஞர் மட்சுமுராவும் மயெடாவும் 1986-இல் எடுத்துரைத்தனர். ஆயினும் மனிதர் கட்டிகளில் இக்கசிவு ஒருபடித்தாய் இராது.

இரும்பு ஆக்சைடுத் துகளின் முறை வேறு. காந்த ஒத்ததிர்வுப் படத்தில், நலமுள்ள கல்லீரலின் விழுங்கணுக்கள் அத்துகளை உட்கொள்ளுதலால் அவ்வுறுப்புக் கருமையாகத் தோன்றும். அவ்வணுக்கள் இல்லாத கட்டியோ வெண்மையாய்த் தனித்து நிற்கும். இவ்வகை மருந்தொன்று அமெரிக்காவில் 1996-இல் அனுமதி பெற்றுப் பின்னர் விற்பனையினின்று நீங்கியது.

நிற்க. இத்துறையில் மறத்தற்கரிய பாடம் ஒன்றுண்டு. 1930-களில் பல நாடுகளில் தோரோடிராஸ்ட் என்னும் தோரிய ஆக்சைடுக் கூழ்மம் வழங்கிற்று. அது தந்த படங்கள் மிகத் தெளிவானவை. நோயாளர்க்கு உடனடித் தீங்கும் தோன்றவில்லை. ஆயின் அப்பொருள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் வாழ்நாள் முழுதும் தங்கி ஆல்பாக் கதிரை வீசிற்று. பல ஆண்டுகட்குப் பின் அவர்களுட் பலர் கல்லீரற் புற்றுக்கு இரையாயினர். நோயைக் காட்ட வந்ததே நோயை விதைத்தது!

பொன் கதிர்வீசும் பொருளன்று; எனினும் அது வெளியேறுமா என்ற வினா எஞ்சுகின்றது. ஏறக்குறைய 6 நானோமீட்டருக்குச் சிறிய துகள் சிறுநீரகத்தின் வழி வெளியேறும். பெரியது கல்லீரலிலும் மண்ணீரலிலும் நெடுங்காலம் தங்கும். சிறியதோ கட்டியில் தங்குமுன் கழிந்துவிடக் கூடும். இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றுதலே இத்துறையின் அரும்பணி. மாணவ அன்பர்காள், துணைப்பொருள் எதனையும் ஆராயப்புகின், அது எத்துணைத் தெளிவாய்க் காட்டும் என்பதோடு, காட்டியபின் எவ்வழி வெளியேறும் என்பதையும் கேட்பீராக.