வயிற்றில் வளையம் போட்டும் எடை ஏன் மெதுவாகக் குறைகிறது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 43, உயரம் 160 செ.மீ. ஐந்து மாதங்களுக்கு முன் இங்கே மெல்போர்னில் இரைப்பையில் வளையம் பொருத்திக்கொண்டேன். அன்று 104 கிலோ, இப்போது 94. இரண்டு முறை ஃபில் போட்டாகிவிட்டது. கோயம்புத்தூரில் இருக்கும் என் ஓரகத்தியும் எடை குறைய ஆபரேஷன் செய்துகொண்டாள். ஐந்தே மாதத்தில் 24 கிலோ குறைந்து, ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். நானோ பாதிச் சப்பாத்தியிலேயே எழுந்துவிடுகிறேன். அப்படியும் மூன்று வாரமாக எடைமெஷினில் எண் அசையவில்லை. என் வளையம் பழுதா? அடுத்த முறை நன்றாக இறுக்கிவிடச் சொல்லலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மெல்போர்ன்

பதில்: சகோதரி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; காரணத்தைப் பிறகு நிம்மதியாகப் படிக்கலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் வளையம் பழுதாகவில்லை, தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் ‘நன்றாக இறுக்கிவிடுங்கள்’ என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுவிடாதீர்கள்.

ஓரகத்திக்கு என்ன ஆபரேஷன் நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அவருடைய ரவிக்கையே அதைச் சொல்லிவிடுகிறது. ஐந்து மாதத்தில் 24 கிலோ என்பது ஸ்லீவ் அல்லது பைபாஸின் வேகம். ஸ்லீவ் என்றால் இரைப்பையின் பெரும்பகுதியை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய்போல விடுவது. பைபாஸ் என்றால் இரைப்பையின் மேல்நுனியை மட்டும் சிறு பையாகப் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலில் இணைப்பது. இந்தியாவில் இன்று பெரும்பாலும் நடப்பவை இவைதான். உங்களுக்கு எதையும் வெட்டவில்லை. ஆகவே இரண்டு பேருடைய கிலோ கணக்கையும் அடுத்தடுத்து எழுதிப் பார்ப்பதில் பொருளில்லை.

இனி, இறுக்கும் விஷயம். வளையம் என்றதும் பலர் மனத்தில் வருவது கோணி மூட்டை. வாயை இறுக்கிக் கட்டினால் உள்ளே எதுவும் போகாது. போகாவிட்டால் உடம்பு இளைத்துத்தானே ஆகவேண்டும். இன்னும் இறுக்கினால் இன்னும் சீக்கிரம் இளைக்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. டாக்டர்களே நெடுநாள் இதற்குப் பக்கத்தில் வருகிற விளக்கத்தைத்தான் சொல்லிவந்தார்கள்: வளையத்துக்கு மேலே ஒரு குட்டிப் பை உண்டாகிறது, அது சோற்றால் நிறைகிறது, சோறு மெல்ல வடிகிற வரை பசிக்காது என்று.

இது சரியல்ல என்று காட்டியவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள். மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வளையம் பொருத்தியவர்கள் விழுங்கும் உணவு எங்கே போகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்று படமெடுத்தும் அழுத்தத்தை அளந்தும் பார்த்தார்கள். அளவாகச் சரிசெய்த வளையத்துக்கு மேலே உணவு தேங்கிக் கிடக்கவில்லை. ஒவ்வொரு வாய் உணவையும் உணவுக்குழாய் பல தடவை பிழிந்து தள்ள, ஒரு நிமிடத்துக்குள் அது வளையத்தைக் கடந்து கீழே போய்விடுகிறது. பை நிறைந்து வயிறு அடங்குகிறது என்ற கணக்கு அங்கே முறிந்தது.

அப்படியானால் பசி எப்படி அடங்குகிறது? உணவு வளையத்தைக் கடக்கும்போது இரைப்பையின் மேல்நுனிச் சுவரில் அழுத்தம் விழுகிறது. அந்த இடத்தில் வேகஸ் நரம்பின் நுனிகள் இருக்கின்றன. வேகஸ் என்பது மூளையிலிருந்து கழுத்து, மார்பு வழியாக வயிறுவரை இறங்கிவரும் நீண்ட நரம்பு. ‘போதும்’ என்ற செய்தி அதன் வழியே மூளைக்குப் போகிறது. உணவு இல்லாத நேரத்திலும் வளையம் அந்த இடத்தை லேசாக அணைத்தபடியே இருப்பதால், இரண்டு வேளைக்கு இடையிலும் பசி கொஞ்சம் தணிந்திருக்கிறது. ஆக, உங்கள் வயிற்றில் இருப்பது மூட்டையின் வாய்க்கட்டு இல்லை, வாசல் மணி. மணியை எவ்வளவு பலமாக அடித்தாலும் கதவு பூட்டிக்கொள்ளாது. அது அடிப்பதைக் காதில் வாங்கி எழுந்திருக்க வேண்டியது நாம்தான்.

இது தெரிந்துவிட்டால், எடை ஏன் மெதுவாகக் குறைகிறது என்பதும் படிப்படியாகப் புரிந்துவிடும்.

முதல் காரணம், வளையம் முதல் நாளிலேயே முழு வேலையைத் தொடங்குவதில்லை. பொருத்தும்போது அதைத் தளர்வாகவே விடுவார்கள். வீக்கம் வடிந்து புண் ஆற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குப் பிறகுதான் முதல் ஃபில். தோலுக்கடியில் புதைத்திருக்கும் போர்ட்டில், அதாவது பொத்தான் போன்ற ஒரு சிறு வாயிலில், ஊசி ஏற்றி வளையத்தின் உட்புற பலூனுக்குள் உப்புநீர் செலுத்துவதுதான் ஃபில். ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரு டீஸ்பூனுக்கும் குறைவுதான். சரியான அளவைக் கண்டுபிடிக்கப் பல மாதங்களும் பல ஃபில்களும் ஆகும். உங்களுக்கு இரண்டுதான் ஆகியிருக்கின்றன. ஆபரேஷன் முடிந்த புதிதில் கஞ்சியும் சூப்புமாக இருந்தபோது வேகமாக இறங்கிய எடை, கெட்டி உணவுக்கு மாறியதும் தயங்கியிருக்குமே? அது எல்லோருக்கும் நடப்பது.

இரண்டாவது, உங்கள் பசி ஹார்மோன் அப்படியே இருக்கிறது. கிரெலின் என்பது பசியைத் தூண்டும் ஹார்மோன். இரைப்பையின் மேற்பகுதியில்தான் அதிகம் சுரக்கிறது. ஸ்லீவில் அந்தப் பகுதியையே எடுத்துவிடுவதால் கிரெலின் சட்டென்று குறைகிறது. பைபாஸில் உணவு சீக்கிரமே குடலின் கீழ்ப்பகுதிக்குப் போய், வயிறு நிறைந்த உணர்வைத் தரும் வேறு ஹார்மோன்களைக் கூட்டுகிறது. வளையத்தில் இந்த இரண்டு உதவியும் கிடையாது. ஓரகத்திக்குப் பசியே பாதி போய்விட்டது. உங்களுக்குப் பசி இருக்கிறது, அதை அடக்க ஒரு மணியும் இருக்கிறது.

மூன்றாவது, உடம்பின் சிக்கனம். 104 கிலோ உடம்பைச் சுமந்து நடக்கச் செலவான சக்தி 94 கிலோ உடம்புக்குத் தேவையில்லை. அது போதாதென்று, எடை குறையக் குறைய உடம்பு தானாகவே செலவைச் சுருக்கவும் செய்கிறது. பஞ்சகாலத்துக்காக வந்த பழக்கம். நீங்கள் விரும்பித்தான் இளைக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

நான்காவது, எடைமெஷின். அது கொழுப்பை மட்டும் நிறுப்பதில்லை. உடம்பு சேமித்துவைக்கும் மாவுச்சத்து தன் எடையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீரையும் பிடித்துவைக்கிறது. ஒரு நாள் உப்பு கூடிய சாப்பாடு, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், மலச்சிக்கல் என்று எதனாலும் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கலாம். மூன்று வாரம் எண் அசையாமல் நின்றாலும் உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டிருக்கலாம். இடுப்பு அளவை எடுத்துக் குறித்துவையுங்கள். ரவிக்கை பிடிக்கும் நாள் உங்களுக்கும் வரும்.

சரி, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பி.எம்.ஐ. என்பது கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண். அது 25 ஆக இருக்க, உங்கள் உயரத்துக்கு எடை 64 கிலோ. நீங்கள் தொடங்கியது 104-ல். ஆக, உபரி எடை 40 கிலோ. வளையம் பொருத்தியவர்கள் சராசரியாக இரண்டு ஆண்டுகளில் இந்த உபரியில் ஏறக்குறைய பாதியை இழக்கிறார்கள். உங்களுக்கு அது 20 கிலோ. வேகம் வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை இருந்தால் நல்லது என்பார்கள். நீங்கள் 22 வாரத்தில் 10 கிலோ குறைந்திருக்கிறீர்கள், வாரத்துக்குக் கிட்டத்தட்ட அரைக் கிலோ. இரண்டு ஆண்டுப் பயணத்தின் பாதித் தூரத்தை ஐந்து மாதத்தில் கடந்துவிட்டு, ‘வண்டி பழுதா?’ என்று கேட்கிறீர்கள்! இந்த அரைக் கிலோவும் சும்மா வருவதில்லை. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. வாரம் அரைக் கிலோ கரைய, தினமும் 550 கலோரி குறைத்தாக வேண்டும்.

இன்னும் இறுக்கினால் என்ன ஆகும்? விந்தையான ஒன்று நடக்கும்: எடை ஏறலாம். அளவுக்கு மீறி இறுகிய வளையத்தில் சோறு, சப்பாத்தி, கோழிக்கறி எல்லாம் சிக்கும். பாயசம், ஐஸ்கிரீம், மில்க் ஷேக் தடையின்றி இறங்கும். முறுக்கும் பிஸ்கட்டும் மென்றால் மாவாகிக் கரைந்து நழுவிவிடும். எனவே மனிதர்கள் தம்மையறியாமல் எது இறங்குகிறதோ அதற்கு மாறிவிடுகிறார்கள். கூடவே நெஞ்செரிச்சல், வாந்தி, படுத்தால் இருமல். அடிக்கடி வாந்தி எடுத்தால் இரைப்பை வளையத்துக்குள் வழுக்கி மேலே ஏறிவிடவும் கூடும்; அது இன்னோர் ஆபரேஷனில் கொண்டுபோய் விடும். வளையத்துக்குள் பலூன் வைத்ததே இதற்காகத்தான். அமெரிக்காவில் லுபோமிர் குஸ்மாக் என்ற அறுவை மருத்துவர் 1986-ல் உப்பவும் சுருங்கவும் கூடிய சிலிகான் வளையத்தைக் கொண்டுவந்தார். 1993-ல் பெல்ஜியத்தில் மிட்டிக்கு பெலாச்யூ அதைச் சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோப்பி முறையில் பொருத்தினார். தேவைக்கேற்ப ஏற்றவும் இறக்கவும் முடிவதுதான் இந்தக் கருவியின் சிறப்பு. ஏற்றிக்கொண்டே போவதற்காக அது வரவில்லை.

டாக்டர்கள் இதற்குப் போக்குவரத்து விளக்குபோல மூன்று நிறம் சொல்வார்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே பசித்து, பெரிய தட்டும் காலியாகிறது என்றால் மஞ்சள், உப்புநீர் கூட்டலாம். சின்னத் தட்டுச் சாப்பாட்டில் திருப்தி வந்து, சில மணி நேரம் பசியில்லை என்றால் பச்சை, அப்படியே விடலாம். உணவு சிக்குகிறது, எதுக்களிக்கிறது, இரவில் இருமல் வருகிறது என்றால் சிவப்பு, குறைக்க வேண்டும்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். பாதிச் சப்பாத்தியில் எழுந்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். எழுவது திருப்தியாலா, நெஞ்சில் அடைப்பதாலா? திருப்தி என்றால் நீங்கள் பச்சையில் இருக்கிறீர்கள். அடைப்பு என்றால் வேகமாகச் சாப்பிடுகிறீர்கள், அல்லது வளையம் ஏற்கெனவே போதுமான அளவு இறுகியிருக்கிறது. ஒரு வாய்க்கு ஒரு நிமிடம் என்று மேலே சொன்னேன் அல்லவா? சிறிய கவளமாக எடுத்து, நன்றாக மென்று, அது இறங்கியபின் அடுத்ததை எடுங்கள். இருபது நிமிடத்தில் தட்டைத் தள்ளிவிடுங்கள். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்க வேண்டாம். பருப்பு, முட்டை, மீன், பனீரில் தொடங்கி, சோற்றையும் சப்பாத்தியையும் கடைசிக்கு வையுங்கள். எழுந்த பிறகு குடிப்பதையும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். சர்க்கரை போட்ட பால் காப்பியும் பழச்சாறும் மணியை அடிக்காமலே உள்ளே நுழைந்துவிடும்.

தண்ணீர்கூட இறங்காத அளவு அடைப்பு, நிற்காத வாந்தி, கடுமையான வயிற்றுவலி, போர்ட் இருக்கும் இடத்தில் சிவந்து சீழ் வைப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் ஃபில் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எதையும் மறைக்க வேண்டாம் என்பதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். வளையம் மெதுவாகப் போய்க் கடைசியில் பைபாஸை எட்டிப் பிடித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1987-ல் தொடங்கிய சுவீடன் நாட்டு நெடுங்கால ஆய்வில், முதல் ஓரிரு ஆண்டுகளில் வளையக்காரர்கள் சராசரியாக 20 சதவீத எடை இழந்தார்கள், பைபாஸ்காரர்கள் 32 சதவீதம். பத்தாண்டு முடிவில் இது 14 சதவீதமும் 25 சதவீதமுமாக நின்றது. அந்த ஆய்வில் சரிசெய்ய முடியாத பழைய வளையங்களும் சேர்ந்தே இருந்தன. எடை குறைவாகவே இறங்குகிறது, பிற்காலத்தில் பலருக்கு மறு ஆபரேஷன் வேண்டியிருக்கிறது என்பதால் உலகெங்கும் வளையம் பொருத்துவது இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஆனால் குறைந்த கிலோவுக்கும் மதிப்பு உண்டு. 2008-ல் வெளிவந்த மெல்போர்ன் ஆய்வு ஒன்றில், சர்க்கரை நோய் வந்து இரண்டு ஆண்டு ஆகாத 60 பேரில் பாதிப் பேருக்கு வளையம் பொருத்தினார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. இரண்டு ஆண்டு முடிவில் வளையக்காரர்களில் 73 சதவீதத்தினருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்து நோய் தணிந்த நிலை ஏற்பட்டது. மற்றவர்களில் 13 சதவீதத்தினருக்கு மட்டும். வளையக்காரர்கள் இழந்தது சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு எடை. நீங்கள் இப்போதே பத்தில் ஒரு பங்கை நெருங்கிவிட்டீர்கள். ரத்த அழுத்தமும் முழங்காலும் இதற்குள் ஏதாவது நல்ல சேதி சொல்லியிருக்குமே, கவனித்தீர்களா?

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ‘இறுக்குங்கள்’ என்பதற்குப் பதிலாக மூன்று விஷயங்களைக் காகிதத்தில் எழுதி எடுத்துப்போங்கள்: சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் பசிக்கிறது, எந்த உணவு சிக்குகிறது, இரவில் இருமல் உண்டா. இன்னும் எத்தனை மில்லி ஏற்றலாம் என்பது அந்தக் காகிதத்திலிருந்து அவருக்குத் தெரிந்துவிடும். ஓரகத்தியின் எடையை அதில் எழுத வேண்டாம்.