22-இன் பூர்வீகம்

கேள்வி: ரோடுபிளாக்கில் ஊதச் சொல்கிறார்கள், 22-ஐத் தாண்டினால் வழக்கு என்கிறார்கள். இருபதும் இல்லை, இருபத்தைந்தும் இல்லை. இந்த 22 யார் போட்ட கணக்கு? (வாசகர், புக்கிட் ரோத்தான்)

பதில்: பிரிட்டிஷ்காரன் போட்ட கணக்கு. அதன் வேரோ அமெரிக்காவில் இருக்கிறது.

கோலசிலாங்கூர் மேஜிஸ்திரேட் நீதிமன்றம் உட்பட மலேசியாவின் எல்லா நீதிமன்றங்களுக்கும் இந்த எண் வந்து சேர்ந்தது 2020 அக்டோபர் 23 அன்று. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் திருத்தம் நடப்புக்கு வந்த நாள் அது. அதற்கு முன் 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம் மது, ரத்தத்தில் 80 மில்லிகிராம், சிறுநீரில் 107 மில்லிகிராம் என்று வரம்பு இருந்தது. இப்போது 22, 50, 67.

மூன்றும் ஏதோ குலுக்கலில் விழுந்த எண்கள் போலத் தெரிந்தாலும், கணக்கு சுத்தமானது. அடிப்படை ரத்தம்தான். ஒரே அளவு மூச்சையும் ரத்தத்தையும் எடுத்தால், மூச்சில் இருப்பதைப் போல 2300 மடங்கு மது ரத்தத்தில் இருக்கும் என்று பிரிட்டன் வைத்துக்கொண்டது. ரத்தத்தின் 50 மில்லிகிராமை 50,000 மைக்ரோகிராமாக மாற்றி 2300-ஆல் வகுத்தால் 21.7, அதுதான் 22. பழைய 80-ஐ வகுத்துப் பார்த்தால் 34.8, அது 35 ஆனது. சிறுநீருக்கு ரத்தத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்று கொண்டால் 67-உம் 107-உம் வந்துவிடும். அமெரிக்கர்கள் 2100 என்று வைத்திருக்கிறார்கள். உண்மையில் ஆளுக்கு ஆள் இது மாறும். சட்டத்துக்கு ஓர் எண் வேண்டும், அவ்வளவுதான். ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் இதே 22, 50, 67-க்கு இறங்கியது.

சரி, அந்த 80 எங்கிருந்து? அமெரிக்காவின் இண்டியானா மாநிலப் போலீஸில் இருந்த ராபர்ட் போர்க்கன்ஸ்டைன், 1954-இல் ஊதிப் பார்க்கும் கருவி ஒன்றை உருவாக்கினார். பிறகு 1962-63இல் மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில், விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களையும் சிக்காதவர்களையும் சோதித்து ஒப்பிட்டார். ரத்தத்தில் மது 80-ஐத் தாண்டியவர்களுக்கு விபத்து அபாயம் செங்குத்தாக ஏறியிருந்தது. பிரிட்டனின் போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில் அந்த 80-ஐச் சட்டமாக்கி, 1967 அக்டோபர் 9 முதல் சாலையில் ஊதச் சொன்னார். அந்த அம்மையாருக்குக் கார் ஓட்டவே தெரியாது என்று சாராயக்கடைகளில் பொருமினார்கள். தெரியாது என்பது உண்மைதான்.

அதற்கு முன்னெல்லாம் நீதிமன்றத்தில் டாக்டர் வந்து, “கோட்டில் நேராக நடக்கவில்லை, நாக்குக் குழறியது” என்று சாட்சி சொல்ல வேண்டும். எதிர்தரப்பு வக்கீல், “என் கட்சிக்காரருக்குக் கால்வலி” என்பார். எண் வந்த பிறகு வாதம் காலைவிட்டுக் கருவிக்கு மாறியது.

கேள்வி: ரோட்டில் ஊதியபோது 30. ஸ்டேஷனில் இரண்டு தடவை ஊதியதில் 26, 24. கோர்ட்டில் எது செல்லும்? (வாசகர், பெஸ்தாரி ஜெயா)

பதில்: 24. சாலையில் கையில் பிடித்து நீட்டும் கருவி வெறும் சல்லடை. யாரை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போவது என்று தெரிந்துகொள்ளத்தான். வழக்குக்கு உரிய சோதனை ஸ்டேஷனில் நடப்பது. அங்கே இரண்டு மூச்சு மாதிரி தர வேண்டும். குறைந்ததை எடுத்துக்கொண்டு கூடியதை ஒதுக்கிவிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கருவி அச்சிட்டுத் தரும் துண்டும் அதிகாரியின் சான்றும் சாட்சியமாகும். நியாயமான காரணம் இல்லாமல் ஊத மறுத்தால் அதுவே தனிக்குற்றம்.

கருவி இல்லை, அல்லது ஆள் ஊதும் நிலையில் இல்லை என்றால் ரத்தமோ சிறுநீரோ எடுப்பார்கள். கோலசிலாங்கூர் மாவட்டத்துக்காரருக்கு அது பெரும்பாலும் தஞ்சோங் காராங் மருத்துவமனை. இங்கேதான் வக்கீல்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். ரத்தத்தை டாக்டர் எடுத்தாரா, சம்மதம் வாங்கினாரா? புட்டிக்கு முத்திரை உண்டா? அது யார் யார் கைமாறி இரசாயனத் துறைக்குப் போனது? நடுவில் ஒரு கை விடுபட்டாலும் அறிக்கை ஆட்டம் காணும். இரசாயன நிபுணரின் அறிக்கையை அவர் நேரில் வராமலே தாக்கல் செய்யலாம். ஆனால் விசாரணைக்குப் பத்து முழு நாள்களுக்கு முன்பே அதன் நகல் குற்றம்சாட்டப்பட்டவர் கைக்குப் போயிருக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சங்கதி. ரத்தத்தில் உள்ள மது மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் வடியும். ஈஜோக் பக்கம் பிடித்தவரை இரண்டு மணி நேரம் கழித்து ஊதவைத்தால் எண் இறங்கியிருக்கும். ஓட்டியபோது இதைவிடக் குறைவாக இருக்கவில்லை என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். “விபத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போய்ப் பதற்றத்தில் குடித்தேன்” என்பவர் அதைத் தானே நிரூபிக்க வேண்டும். வெறுமனே சொன்னால் எடுபடாது.

வாடையை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. 1971-இல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் இந்திய உச்ச நீதிமன்றம், வாடையும் தள்ளாட்டமும் விரிந்த கண்மணியும் மட்டும் போதாது என்றது. ரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்படாததுதான் அங்கே ஓட்டை.

கேள்வி: கள்ளுக்கும் பீருக்கும் கருவி வித்தியாசம் பார்க்குமா? வெற்றிலை போட்டால் தப்பலாமா? (வாசகர், ஜெராம்)

பதில்: பார்க்காது, தப்பவும் முடியாது. கள்ளு, சம்சு, விஸ்கி எதுவானாலும் உள்ளே இருப்பது எத்தனால். கருவி அளப்பது நுரையீரலின் அடியிலிருந்து வரும் காற்றை. வாய் மணத்தை அல்ல. அதனால்தான் “இன்னும், இன்னும்” என்று நீளமாக ஊதச் சொல்கிறார்கள். வாயில் அப்போதுதான் ஊற்றிய மது மட்டும் எண்ணைப் பொய்யாக ஏற்றும். பல நாடுகளில் ஊதுவதற்கு முன் 15 நிமிடம் உட்காரவைப்பது அதற்காகத்தான்.

கேள்வி: தோட்டத்துச் செம்மண் சாலையில்தான் மோட்டார் ஓட்டினேன். அது கம்பெனி நிலம். வழக்குப் போட முடியுமா? (வாசகர், சுங்கை திங்கி)

பதில்: மோட்டார் சைக்கிளும் சட்டப்படி வாகனம்தான். நிலம் யாருடையது என்பதைச் சட்டம் முதலில் கேட்பதில்லை. பொதுமக்கள் போய்வரும் சாலையா என்றே கேட்கும். கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் வெளியாள்கள் போய்வரும் பாதை என்றால் ‘கம்பெனி நிலம்’ என்ற வாதம் நிற்பது கடினம். எந்நேரமும் கேட்டைப் பூட்டி, காவலாளி ஆளைத் தடுக்கும் உள்பாதை என்றால் வக்கீலுக்கு வேலை இருக்கிறது. தோற்றால் முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 வெள்ளி அபராதம். இரண்டாண்டு வரை சிறையும் உண்டு. லைசென்ஸ் குறைந்தது இரண்டாண்டுக்குப் போகும். ஓட்டாமல் சாவியோடு காருக்குள் படுத்திருந்தாலும் ‘வாகனம் உங்கள் பொறுப்பில் இருந்தது’ என்று வழக்கு வரலாம். போதை தெளியும்வரை வண்டியை எடுத்திருக்கவே மாட்டேன் என்று காட்டும் சுமை உள்ளே படுத்திருந்தவர் மேல் விழும்.