‘செய்தோம்’ என்றால் யார் செய்தது?

கேள்வி: ஒரு வங்கிக் கிளையில் 7 வருடமாக வேலை செய்கிறேன். அடகுப் பகுதி என் பொறுப்பு. போன வருடம் எம்.பி.ஏ. படிக்கக் கொழும்பில் நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். எழுத்துப் பரீட்சை நன்றாகச் செய்தும் நேர்முகத்தில் எடுபடவில்லை. இணையத்தில் எடுத்த 50 கேள்விக்கும் பதில் பாடமாக்கித்தான் போனேன். “நீங்கள் எடுத்த கஷ்டமான முடிவொன்றைச் சொல்லுங்கள்” என்றார்கள். 2022இல் விவசாயிகளின் நகைகளை ஏலத்துக்கு விடாமல் எங்கள் கிளை தவணை நீடித்துக் கொடுத்ததைச் சொன்னேன். “அதில் உங்கள் பங்கு என்ன?” என்று கேட்டார்கள். “எல்லோரும் சேர்ந்துதான் செய்தோம், சேர்” என்றேன். அதோடு பேச்சு மாறிவிட்டது. உண்மையில் கொப்பியில் அந்த விவசாயிகளின் பெயர் எழுதி மனேஜரிடம் கொண்டுபோனது நான்தான். அதை எப்படி என் வாயாலேயே சொல்வது? இந்த முறை எதைத் திருத்த வேண்டும்?
— வாசகி, திருக்கோவில்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிய அந்தக் கொப்பிதான் அன்றைக்கு அவர்கள் கேட்ட பதில். எனக்குச் சொன்னீர்கள், அவர்களுக்குச் சொல்லவில்லை.

நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி காணும் பிழை இது. ‘நான் செய்தேன்’ என்றால் பெருமையடிப்பதாகப் படும் என்று ‘செய்தோம்’ என்பார்கள். கந்தோரில் கடிதம் எழுதிப் பழகியவர்கள் ஒரு படி மேலே போய் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்பார்கள். ஊரில் அது நல்ல பழக்கம். ஆனால் எதிரே இருப்பவர் கிளைக்கு இடம் கொடுக்கப்போவதில்லை, உங்களுக்குத்தான் கொடுக்கப்போகிறார். மற்றவர்களின் பங்கை மறைக்கச் சொல்லவில்லை. மனேஜர் சம்மதித்தார், தலைமை அலுவலகம் அனுமதித்தது என்பதையும் சொல்லுங்கள். உங்கள் கை எங்கே பட்டதோ அங்கே மட்டும் ‘-ஏன்’ விகுதி வரட்டும்: பார்த்தேன், எழுதினேன், கேட்டேன்.

அந்தக் கதையைக் கொழும்பில் இருப்பவருக்கு விளங்கும்படி சொல்லவும் வேண்டும். அடகுக்கும் வயலுக்கும் என்ன தொடர்பு என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ஐப்பசியில் காப்பை வைத்து விதைப்புக்குக் காசு எடுப்பதும், மாசி பங்குனியில் வெட்டி விற்று மீட்பதும் நமக்குப் பழகிய சுற்று. 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் தடை தளர்ந்தபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. விளைச்சல் விழுந்தது, மீட்கக் காசில்லை. 2022 ஐப்பசியில் தவணை முடிகிறது, அடுத்த வெட்டோ 2023 மாசியில். இடையில் நாலு மாதம். அந்த நாலு மாதத்தைக் கண்டதுதான் உங்கள் கெட்டித்தனம்.

அடுத்து, “வங்கிக்கு நட்டம் வராதா?” என்று கட்டாயம் கேட்பார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. தங்கத்தின் விலையும் கூடவே ஏறியது. 2021இல் கொடுத்த கடனைவிடப் பெட்டகத்தில் கிடந்த நகையின் பெறுமதி நன்றாகக் கூடியிருந்தது. அன்றைக்கு இதை யோசித்துத்தான் கேட்டீர்களென்றால் அப்படியே சொல்லுங்கள். இரக்கம் மட்டும்தான் என்றால் அதைச் சொல்லி, கணக்கைப் பிறகுதான் பார்த்தேன் என்று ஒத்துக்கொள்ளுங்கள். இல்லாத யோசனையைப் பின்னால் ஒட்டவைத்தால் மூன்றாவது கேள்வியில் கழன்றுவிடும்.

என் கதையும் ஒன்று இருக்கிறது. இளம் வயதில் ஓர் இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது ‘நிலுவைக் கடனை 30 வீதம் குறைத்தேன்’ என்று எழுதினேன். “எத்தனையிலிருந்து எத்தனைக்கு?” என்று கேட்டார் ஓர் அம்மா. எனக்குத் தெரியவில்லை, யாரோ சொன்ன எண். மின்விசிறிக்குக் கீழே இருந்தும் சேட் நனைந்தது.

வெளிநாட்டு எம்.பி.ஏ. நேர்முகங்களிலும் இப்படித்தான்: ஹார்வர்டில் உங்கள் விண்ணப்பத்தை முழுக்க வாசித்தவர்தான் அரை மணிநேரம் கேட்பார். இன்சியாடில் பழைய மாணவர்கள் பேட்டி எடுப்பார்கள். எங்கே போனாலும், எழுதிக் கொடுத்த ஒவ்வொரு வரியும் கேள்வியாகத் திரும்பி வரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாடமாக்கிய 50 பதிலையும் தூக்கிப் போடுங்கள். ‘தலைமைத்துவத்தை வளர்க்க எம்.பி.ஏ.’, ‘அளவுக்கு மீறி உழைப்பதே என் பலவீனம்’ எல்லாம் அவர்கள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவை. மனேஜரைக் குறை சொல்லவும் வேண்டாம். ஆங்கிலம் தடக்கினால் நின்று, சின்ன வசனமாகச் சொல்லுங்கள். வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது கணக்கில் வராது.

ஊரை வைத்து இரண்டு கேள்வி வரும். ஒன்று, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கையில் ஏன் கொழும்பு? அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை கடந்தால் ஒலுவில்தானே. ஒலுவிலைத் தாழ்த்திப் பேசிவிடாதீர்கள், கொழும்பில் எந்தப் பாடம், எந்த வகையான சக மாணவர்கள் உங்களுக்குத் தேவை என்று சொல்லுங்கள். மற்றது, வகுப்புகள் சனி ஞாயிறில் என்றால் எப்படி வந்து போவீர்கள்? “சமாளிப்பேன், சேர்” என்பது பதில் அல்ல. எந்த பஸ், எங்கே தங்குவது, திங்கள் காலை கவுண்டரில் யார் என்பதை வீட்டிலும் கிளையிலும் பேசி முடித்துவிட்டுப் போங்கள். நேர்முகத்துக்கும் இரவு பஸ்ஸில் இறங்கி நேரே போகாமல், முதல் நாளே போய்த் தூங்கி எழும்புங்கள்.

அந்தக் கொப்பியை இன்னும் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் எடுத்து எண்ணிப் பாருங்கள். எத்தனை பேரின் பெயர் இருக்கிறது, அதில் எத்தனை பேர் 2023 வெட்டுக்குப் பிறகு வந்து மீட்டார்கள், எத்தனை பேர் வரவில்லை. வராதவர்களைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.