சிலாபத்துக்குப் போகும் தமிழ் ஆசிரியைக்கு

அன்பின் மருமகளுக்கு,

சிலாபத்தில் சிங்கள மொழிமூலப் பாடசாலை ஒன்றில் இரண்டாம் மொழித் தமிழ் படிப்பிக்க உனக்கு நியமனம் கிடைத்திருப்பதாக அம்மா சொன்னா. வாட்ஸ்அப் குழு, கூகுள் டொக்ஸ், பேஸ்புக் பக்கம் என்று இப்போதே திட்டம் போட்டு வைத்திருக்கிறாயாம். சந்தோஷம். ஆனால் எந்தச் செயலி என்று யோசிக்குமுன் எந்த ஊர் என்று யோசி.

2019 மே 12, ஞாயிற்றுக்கிழமை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. சிலாபத்து முஸ்லிம் வியாபாரி ஒருவர் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டார். அதிகம் சிரிக்க வேண்டாம், ஒருநாள் அழ நேரும் என்பது அதன் கருத்து. அடுத்த தாக்குதலுக்கான மிரட்டல் என்று அதை எடுத்துக்கொண்ட ஒரு கூட்டம் பள்ளிவாசலுக்கும் கடைகளுக்கும் கல்லெறிந்தது. எழுதியவரைக் கைது செய்தார்கள், ஊரடங்கு போட்டார்கள், மறுநாள் சமூக ஊடகங்களை முடக்கினார்கள். வன்முறை குருநாகல், கம்பஹாப் பக்கமும் பரவியது. நாத்தாண்டியாப் பகுதியில் ஒருவர் கொல்லப்பட்டார். பயமும் கோபமும் ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்த நேரம் அது. ஒரு வரிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் எழுதியவருக்கும் வாசித்தவர்களுக்கும் தாய்மொழியாக இல்லாத ஒரு மொழியில், ஆளின் முகமும் தொனியும் தெரியாமல் வந்து விழுந்த வரி அது. அந்த ஊரில் சமூக ஊடகத்தை வைத்து மொழி படிப்பிக்கப் போகிறவள் இதை மறக்கக்கூடாது.

என் கட்சி இதுதான். குழுவில் எழுத்தைக் குறை, குரலைக் கூட்டு.

இப்போது நடப்பது தலைகீழ். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது வாட்ஸ்அப் தான் பாதி இலங்கைக்கு வகுப்பறை. அப்போது பழகிய பழக்கம் இன்னும் போகவில்லை. வினாத்தாளைப் படம் பிடித்துப் போடுவது, பிள்ளை கொப்பியைப் படம் பிடித்துத் திருப்பி அனுப்புவது, சிவப்பு மையில் சரி பிழை. கணிதத்துக்கு அது போதுமோ என்னவோ, மொழிக்குப் போதாது. பாடநூலில் ‘நான் போகிறேன்’ என்று இருக்கும். சிலாபத்து முன்னேஸ்வரம் கோயில் திருவிழாவில் பக்கத்தில் நிற்கிறவர் ‘நான் போறன்’ என்பார். நாலு வருடம் தமிழ் படித்த பிள்ளை அந்த இடத்தில் முழிக்கும்.

உச்சரிப்பும் அப்படித்தான். சிங்களத்தில் இரண்டு லகரமும் இரண்டு னகரமும் எழுத்தில் உண்டு, இன்றைய பேச்சில் வேறுபாடு இல்லை. அதனால் உன் பிள்ளைகள் புளியைப் புலி என்பார்கள். கொப்பியில் இரண்டையும் சரியாக எழுதியிருப்பார்கள், உனக்குத் தெரியவே வராது. அரை நிமிடக் குரல் பதிவு வந்தால் உடனே பிடிபடும். திருத்தத்தைக் குழுவில் போடாதே. தனியாக, நீயும் குரலிலேயே சொல்லி அனுப்பு. நாற்பது பேர் பார்க்கத் திருத்தப்பட்ட பிள்ளை பிறகு வாய் திறக்காது.

உனக்கு ஒரு வசதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. சிலாபம் தொடக்கம் நீர்கொழும்பு வரையான கரையோரக் கத்தோலிக்க மீனவர்களில் பலர் முன்பு தமிழ் பேசியவர்கள். போன நூற்றாண்டில் பாடசாலை மொழி சிங்களமாக, வீட்டுமொழியும் மெல்ல மாறியது. சிங்களப் பெயரோடு முன்வாங்கில் இருக்கும் பிள்ளையின் ஆச்சிக்குத் தமிழ்ச் செபம் இன்னும் மனப்பாடமாக இருக்கக்கூடும். இன்றைக்கு என்ன மீன் வாங்கினீர்கள், எப்படிச் சமைத்தீர்கள் என்று ஆச்சியிடம் தமிழில் கேட்டுப் பதிவு செய்து வரச் சொல். பாடநூலில் இல்லாத தமிழ் வகுப்புக்குள் வரும்.

இன்னொன்று. வடக்கே பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உடப்பு இருக்கிறது. கரைவலையும் திரௌபதை அம்மன் தீமிதிப்பும் உள்ள தமிழ்க் கிராமம். அங்கே தமிழ்ப் பிள்ளைகள் சிங்களத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கிறார்கள். இரண்டு வகுப்பையும் இணைத்துவிடு. உன் பிள்ளை தமிழில் பேசி அனுப்பட்டும், அங்குள்ள பிள்ளை சிங்களத்தில் பேசி அனுப்பட்டும், ஆளுக்காள் திருத்தட்டும். 1990-களில் ஜெர்மனியில் போஹும் பல்கலைக்கழகம் மின்னஞ்சலை வைத்து நாடுகளுக்கிடையே இதைச் செய்து பார்த்தது. பாதி நேரம் உன் மொழி, பாதி நேரம் என் மொழி, அவ்வளவுதான் விதி. இருவருமே தடுமாறுவதால் ஒருவரும் மற்றவரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. கூகுள் டொக்ஸுக்கும் இதில்தான் வேலை. மீன் பெயர்களை இரண்டு மொழியிலும் ஒரே அட்டவணையில் இரண்டு வகுப்பும் சேர்ந்து நிரப்பட்டும். யார் எதை எழுதினார், யார் மாற்றினார் என்பது அதன் திருத்த வரலாற்றில் தெரியும், சண்டை வந்தால் நீயே பார்த்துக்கொள்ளலாம். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினால் முதல் மாதம் ஏசாதே.

நேரலை வகுப்பு மட்டும் வேண்டாம். 2021-இல் பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவையில் ஓர் ஆசிரியையும் பிள்ளைகளும் சிக்னலுக்காக மூன்று கிலோமீட்டருக்கு மேல் காட்டுவழி ஏறினார்கள். சிலாபத்தில் சிக்னல் இருக்கும், போன் இருக்காது. அது அப்பாவோடு கடலுக்குப் போயிருக்கும், அல்லது ரீலோட் முடிந்திருக்கும். குரல் பதிவு என்றால் இரவு எட்டு மணிக்கும் கேட்கலாம், டேட்டாவும் அதிகம் தின்னாது.

வாட்ஸ்அப்புக்குக் குறைந்த வயது 13. தரம் 6 பிள்ளைக்கு 11. ஆக உன் குழு பிள்ளைகளின் குழு அல்ல, அம்மாமாரின் குழு. சாதாரணக் குழுவில் எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும் என்பதையும் நினைவில் வை. குழுவில் நீ மட்டும் பதிவு போடும்படி அமைத்துக்கொள், பிள்ளைகளின் குரல் பதிவுகள் உனக்குத் தனியாக வரட்டும். பிள்ளைகளின் குரலும் படமும் பேஸ்புக் பக்கத்துக்குப் போகவே கூடாது. பேஸ்புக் யோசனையை இந்த வருடம் கைவிடு என்பேன்.

முதலில் சொன்ன அந்த ஒரு வரியை மனதில் வைத்து, தரம் 9 பிள்ளைகளோடு மட்டும் ஒரு பாடவேளையைச் சமூக ஊடகக் கருத்துப் பதிவுகளை வாசிக்கவே ஒதுக்கு. ஊர்ப் பெயர், ஆள் பெயர் இல்லாமல் நீயே எழுதிய நாலு வரி போதும். இதை எழுதினவர் கோபமாகவா, பகிடியாகவா, பயந்தா எழுதினார் என்று கேள். பிறகு அதே வரியை மூன்று விதமாக வாய்விட்டுச் சொல்லச் சொல்.

இதெல்லாம் தொடங்குமுன் அதிபரிடம் எழுத்தில் அனுமதி வாங்கு. பெற்றோர் கூட்டத்தில், சிங்களத்தில், நீயே எழுந்து விளக்கு. உன் சிங்களத்தில் பிழை வரும், வரட்டும். அவர்கள் திருத்தினால் நன்றி சொல்லிக் குறித்துக்கொள்.

அன்புடன்,
மாமா