பிள்ளை பேசினால் முதலில் நம்புங்கள்

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், ஆசிரியர்கள், சமூகப் பணியாளர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். வீடு வீடாக ஏறி இறங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர் நான். நாம் போகிற வீட்டில் பெரியவர்களோடு நல்லுறவு வேண்டும். ஆனால் அந்த உறவைக் காப்பாற்றுவதற்காக ஒரு பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

1. தனக்கு நடந்த பாலியல் தொல்லையைப் பற்றிப் பிள்ளை வாய் திறந்தால், கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கக்கா" என்று கெஞ்சும். சத்தியம் செய்யாதீர்கள். "நீ சொன்னது நல்லது கண்ணு. உன் மேல தப்பே இல்ல. உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்று சொல்லுங்கள். முகத்தில் அதிர்ச்சி காட்டினால் பிள்ளை பாதியிலேயே நிறுத்திவிடும்.

2. துருவிக் கேட்காதீர்கள். விசாரணை காவல்துறையின் வேலை. பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு "உண்மையா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள், அன்று இரவே பிள்ளையை மிரட்டிப் பேச்சை மாற்ற வைத்துவிடுவார்கள். சம்பவம் நடந்து அதிக நேரம் ஆகவில்லை என்றால், துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

3. ஆதாரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்கு வராது. காவல் நிலையத்தில் சொல்லலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

4. சமரசப் பேச்சில் உட்காராதீர்கள். "பொண்ணு பேரு கெட்டுடும், நாமளே பேசி முடிச்சிக்கலாம்" என்று ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். பணம் பேசுவார்கள்; தப்பு செய்தவனுக்கே கட்டிவைக்கலாம் என்றுகூடச் சொல்வார்கள். இது இரு வீட்டாரும் ராசியாகிக் கைவிடக்கூடிய வழக்கு இல்லை. மரியாதையாக, உறுதியாக அதைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

5. அடுத்து என்ன நடக்கும் என்பதைத் தாய்க்கு விளக்குங்கள். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ, அதற்குப் பிடித்த இடத்திலோ வாங்குவார்கள். கூடுமானவரை பெண் அதிகாரிதான் வருவார், சீருடையில் வரமாட்டார். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். தாய் கூடவே இருக்கலாம். காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

6. குழந்தைத் திருமணத்தை முன்கூட்டியே கண்டுபிடியுங்கள். பத்தாவது பரீட்சை முடிந்ததும் சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் வரும். அந்த நாட்களில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லப்படும் பெண்ணை விசாரியுங்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். வயதுக்குப் பள்ளிச் சான்றிதழைப் பாருங்கள். ஜாதகம் கணக்கில் வராது. தாலி ஏறுவதற்கு முன்பே 1098க்கும் மாவட்டச் சமூக நல அலுவலருக்கும் சொல்லுங்கள். நீதித்துறை நடுவர் தடை உத்தரவு போட முடியும்.

நிறுத்தியதோடு வேலை முடிவதில்லை. வேறு ஊர்க் கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிடுவார்கள். அதனால் அந்த வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். பெண்ணைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதை அப்பாவின் காதிலும் போடுங்கள்.

7. கர்ப்பமாக வரும் சிறுமியை விரட்டிவிடாதீர்கள். கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் போட வரும்போது மாமியார் முந்திக்கொண்டு "பத்தொம்பது" என்பார். பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எடை, ரத்த அழுத்தம், ரத்தச்சோகை, இதைத்தான் முதலில் பாருங்கள். இங்கேயும் தகவல் கொடுக்கும் கடமை உங்களுக்கு உண்டு. ஆனால் மிரட்டினால் அடுத்த மாதம் வரமாட்டாள், பிரசவம் வீட்டிலேயே நடக்கும். சட்டத்தையும் சொல்லுங்கள், சிகிச்சை நிற்காது என்பதையும் சொல்லுங்கள்.

8. பிழைப்புக்குப் போன வீடுகளைக் குறித்து வையுங்கள். கரும்பு வெட்டவும், செங்கல் சூளைக்கும், பெங்களூரில் கட்டட வேலைக்கும் பெற்றோர் போய்விடுவார்கள். பிள்ளைகள் கண் மங்கிய பாட்டியிடம் இருப்பார்கள். அந்த வீட்டில் யார் வந்து போகிறார்கள் என்று கவனியுங்கள். பெற்றோரோடு கூடவே போகிற பிள்ளைகளின் பெயரைப் பள்ளியில் சொல்லி வையுங்கள். 14 வயது நிறையாத பிள்ளையைச் சூளை வேலையில் விடுவது குற்றம்.

9. கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் திருவண்ணாமலை போகும் குடும்பங்களிடம், கூட்டத்தில் பிரிந்துபோனாலும் கண்டுபிடிக்க, பிள்ளையின் கையில் கைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டச் சொல்லுங்கள்.

10. பிள்ளையின் பெயர், படம், தெரு, பள்ளி எதுவும் வாட்ஸ்ஆப் குழுவில் போகக் கூடாது. அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது போக்சோவின் 23ஆம் பிரிவில் குற்றம். டீக்கடைப் பேச்சு அதைவிட வேகமாகப் பரவும். உங்கள் வீட்டிலும் பேசாதீர்கள்.

11. கோபம் உங்கள் மேல் திரும்பும். "சோறு தண்ணி குடுத்த வீட்டையே காட்டிக் குடுத்துட்டா" என்பார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள். ஒரு துணையோடு போங்கள், மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து வையுங்கள். சில மாதம் முகம் கொடுக்கமாட்டார்கள். ஆனால் இன்னொரு வீட்டில் ஒரு தாய்க்குத் தன் பிள்ளையைப் பற்றிச் சந்தேகம் வரும்போது, உண்மையைச் சொன்னால் நடவடிக்கை எடுப்பவர் யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் உங்களைத் தேடித்தான் வருவாள்.